கிளிநொச்சிச் சிப்பின் அடக்க விலை

1982ஆம் ஆண்டு சித்திரை மாதம் கொழும்பிலுள்ள ஓர் அமைச்சு கிளிநொச்சிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று கொம்பியூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலைக்கு இலங்கையில் இடம் தேடுகிறது. விருப்பமுள்ள பகுதிகள் இடத்தின் வரைபடத்தையும், அந்த இடத்தில் ஒரு சிப்பைச் செய்து முடிக்க என்ன செலவாகும் என்று கூட வந்த படிவத்தில் நிரப்பிய மதிப்பீட்டையும் முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

கிளிநொச்சியில் அப்போது சிப் என்றால் என்னவென்று தெரிந்தவர் ஒருவருமில்லை. ஆகவே கடிதம் கைத்தொழில் அபிவிருத்திக் குழுவிடம் கொடுக்கப்பட்டது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஓவசியர் கதிர்காமநாதன். குழுவை உண்டாக்கியவரும் அவர்தான். முதலில் யாழ்ப்பாணத்துக்குப் போய் ரப்பர் முத்திரை செய்வித்தார். முத்திரை வந்த பிறகு அதற்கு ஒரு குழு தேவைப்பட்டது. இரண்டு லொறி வைத்திருந்த அப்புத்துரை பொருளாளர் ஆனார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தட்டெழுத்து வகுப்பு நடத்திய சிவனேஸ்வரி, மெஷின் அவளிடம் இருந்தபடியால், செயலாளர் ஆனாள்.

கதிர்காமநாதன் முப்பத்தொரு வருடம் வாய்க்கால் வெட்டுவித்தவர். அவருக்கு இரண்டு கொள்கைகள். அளக்காததை எழுதக் கூடாது. எழுதியதை மாற்றக் கூடாது. இரண்டையும் கடைப்பிடித்ததால் அவர் வெட்டுவித்த வாய்க்கால்களில் ஒன்று, அளவு பிசகாமல், மேட்டை நோக்கிப் போனது.

இடம் தேடுவதில் சிரமமிருக்கவில்லை. இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலுக்குக் கிழக்கே முப்பது ஏக்கர் வரைபடத்தில் காடாக இருந்தது. நிலத்தில் அது காடாக இருக்கவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்த ஒன்பது குடும்பங்கள் அதை வெட்டி, குடிசை போட்டு, கிணறு தோண்டி, செங்கல் சூளை வைத்துப் பிழைத்தன. சூளைக்குப் பொறுப்பு வீரம்மா என்ற பெண். அவள் மூன்று தடவை, அரசாங்கம் காணி பகிர்ந்து கொடுக்கும் காணிக் கச்சேரிக்குப் போய்ப் பெர்மிட் கேட்டிருந்தாள். எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாதத்துக்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது காட்டினால்தான் பெர்மிட் என்று மூன்று தடவையும் சொன்னார்கள். வீரம்மாவிடம் கிணறு இருந்தது, சூளை இருந்தது, ஒன்பது வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கடதாசி இருக்கவில்லை.

கதிர்காமநாதன் சங்கிலி பிடித்து அளந்து, வெள்ளை பூசிய முளைகளை அடித்தார். வீரம்மாவின் அடுப்படிக்கு நேரே ஒரு முளை விழுந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் ‘தலைமைப் பொறியியலாளர் அறை’ என்று எழுதியிருந்தது.

“கொம்பனி வந்தா நாங்க எங்கைய்யா போறது?” என்று வீரம்மா கேட்டாள்.

“அதை அரசாங்கத்தில வேற பகுதி பாக்கும்” என்றார் கதிர்காமநாதன்.

பிறகு மதிப்பீடு. அளப்பதற்கு முதலில் ஒரு சிப் வேண்டும். சவூதியிலிருந்து மைத்துனன் அனுப்பிய, இலக்கத்தில் நேரம் காட்டும் கைமணிக்கூடு ஒன்று அப்புத்துரையிடம் இருந்தது. அதற்குள் சிப் இருக்கும் என்று சிவனேஸ்வரி ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்திருந்தாள். தட்டெழுத்து மேசையில் வைத்து, சவர அலகால் முதுகைக் கிளப்பி, கறுப்புப் பசையைச் சுரண்டி, பூதக்கண்ணாடியும் அடிமட்டமும் பிடித்துக் கதிர்காமநாதன் அளந்தார். நீளம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அகலமும் அதுவே. தடிப்பு முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

“ஐயா, இதைத் திரும்பப் பூட்டலாமோ?” என்று கேட்டார் அப்புத்துரை.

“ஏன் பூட்டேலாது?”

பூட்டினார்கள். அன்றிலிருந்து அந்த மணிக்கூட்டில் எப்போது பார்த்தாலும் நேரம் எண்பத்தெட்டு மணி எண்பத்தெட்டு நிமிடமாக இருந்தது.

சிப் மணலிலிருந்து செய்யப்படுகிறது என்றும் அந்தச் சஞ்சிகையில் இருந்தது. இதைக் கேட்டதும் கதிர்காமநாதனுக்கும் நிம்மதி, அப்புத்துரைக்கும் நிம்மதி. மணலுக்கு எஸ்டிமேட் போடத் தலைவருக்குத் தெரியும். ஏற்றிவரப் பொருளாளரிடம் லொறி இருக்கிறது. ஒரு கியூப் என்பது நூறு கன அடி. அதில் முப்பத்தைந்து கோடியே முப்பத்தெட்டு இலட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு சிப் வெட்டலாம் என்று கணக்கு வந்தது. பளைப் பக்கத்து வெள்ளை மணல் அள்ளக் கூலி, பதினெட்டு மைல் லொறிக் கூலி, கழுவக் கூலி, உருக்கப் பாலைமர விறகு, பிறகு ‘சிப் வெட்டுதல்: திறமையான கூலியாள் இருவர், நாலு நாள்’, இராக் காவலாளி ஒருவர், எதிர்பாராத செலவு நூற்றுக்குப் பத்து. மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு ரூபா. வகுத்தால் ஒரு சிப்புக்கு ஒரு சதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வரவில்லை.

“சதத்துக்குக் கீழே அரசாங்கத்தில காசில்லை. ஒரு சதம் எண்டு அடியும் பிள்ளை” என்றார் கதிர்காமநாதன்.

சிவனேஸ்வரி ஒரு சதம் என்று அடித்தாள். முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

அனுப்பிய பிறகுதான் கதிர்காமநாதனுக்கு மனம் சரியில்லாமல் போனது. ஓவசியர் கொழும்புக்கு ஒரு சதத்துக்கு எஸ்டிமேட் அனுப்பினாராம் என்ற கதை பஸ் நிலையம்வரை வந்துவிட்டது. “ஒரு சதத்துக்கு இப்ப இனிப்பும் தாறாங்கள் இல்லை, ஐயா” என்று தபால் கந்தோரில் ஒருவன் சொன்னான். முப்பத்தொரு வருடச் சேவையில் அவர் கையெழுத்திட்ட மிகப் பெரிய எஸ்டிமேட் எண்பத்தாறாயிரம் ரூபா. ஓர் ஓவசியரைப் பார்த்து மற்றோர் ஓவசியர் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிய வேலை செய்தீர் என்பதுதான். ஒரு சதம் என்று எப்படிச் சொல்வது?

மூன்று கிழமை கழித்து அமைச்சிடமிருந்து பதில் வந்தது. தங்கள் மதிப்பீடு கிடைத்தது, நாட்டிலேயே ஆகக் குறைந்தது அதுதான். ஆனால் படிவத்தில் பதினான்காம் நிரல் நிரப்பப்படவில்லை. ‘உற்பத்தியாகும் நூறில் பழுதில்லாமல் வருபவை எத்தனை? உள்ளூர் அனுபவத்தின்படி, ஆதாரத்துடன் எழுதுக. அதற்கேற்ப விலையைத் திருத்துக.’

கதிர்காமநாதன் யோசித்தார். வாய்க்காலில் பழுது என்று ஒன்று இல்லை. தண்ணீர் ஓடினால் வாய்க்கால், ஓடாவிட்டாலும் வாய்க்கால். உள்ளூரில் நூறு செய்து, அதில் கொஞ்சம் கழித்துப் போடுகிற தொழில் எது? செங்கல். கிட்ட இருக்கிற சூளை எது? தொழிற்சாலைக் காணிக்குள்ளேயே இருந்தது.

குழு முழுவதுமாக லொறியில் ஏறிப் போனது. வீரம்மா காய்ந்த கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழும்பிக் கையைத் துடைத்தாள்.

“வீரம்மா, உன்ர சூளையில நூறு கல் வைச்சா எத்தினை நல்லதா வரும்?”

“எதுக்குங்கய்யா கேக்குறீங்க?”

“அரசாங்க விஷயம்.”

“முளை அடிச்சீங்களே, அந்த விஷயங்களா?”

“ஓம். அந்தச் சிப்பும் இப்படித்தான். மண்ணை நெருப்பில வைச்சு எடுக்கிறது. எத்தினை பழுதாப் போகும் எண்டு அமைச்சு கேக்குது.”

அப்புத்துரை இடையில் விழுந்தார்.

“இதுக்கேன் ஐயா யோசினை? தொண்ணூறு எண்டு எழுதுங்கோ. போன மாசம் எனக்குக் கல் தரேக்கை இவதான் சொன்னவ, நூற்றுக்குத் தொண்ணூறு கணீரெண்டு வரும் எண்டு. என்ன வீரம்மா, பொய்யோ அது?”

பொய்யென்று சொன்னால் இனிமேல் அவளிடம் ஒருவரும் கல் வாங்கமாட்டார்கள். மெய்யென்று சொன்னால் சிப்பின் விலை ஒரு சதத்திலேயே நிற்கும், கொம்பனி வரும், அடுப்படியில் தலைமைப் பொறியியலாளர் வந்து இருப்பார்.

“பொய் இல்லீங்க. தொண்ணூறுதான்” என்றாள் வீரம்மா.

கதிர்காமநாதன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? அந்தச் சிப்ப யாருங்க சுடப்போறது?”

“ஆர்? இஞ்சத்தை ஆக்கள்தான்.”

“அவங்க முன்னாடி சிப்பு சுட்டிருக்காங்களா?”

“எங்கை சுடுறது? இப்பதானே தொடங்கப்போகுது.”

“அப்போ தொண்ணூறு எப்புடிங்க வரும்? தொண்ணூறுங்கிறது என்னோட இப்பத்த கை. புதுசா சுடுறவங்களுக்கு மொதச் சூளைக் கணக்குல்ல போடணும்?”

கதிர்காமநாதனின் பென்சில் நின்றது. முப்பத்தொரு வருடத்தில் அவருடைய எஸ்டிமேட்டுக்கு எத்தனையோ பேர் மறுப்புச் சொல்லியிருந்தார்கள். சரியான மறுப்பு இதுதான் முதல் தடவை.

“உன்ர முதல் சூளையில எத்தினை வந்தது?”

“எட்டாயிரம் வச்சோம். பதினொண்ணு வந்துச்சுங்க.”

சிவனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அப்புத்துரைக்கு வரவில்லை.

“பதினொரு ஆயிரமோ?”

“எட்டாயிரம் வச்சா எப்புடிங்க பதினொராயிரம் வரும்? பதினொரு கல்லு.” வீரம்மா விரலால் காட்டினாள். “எழுபத்தேழு கார்த்திகை மாசங்க. அதுக்கு முந்தி நாங்க கொழுந்து எடுத்தவங்க, கல்லப் பத்தி என்னா தெரியும்? தோட்டத்துல மழைன்னா காலையில வரும், பத்து மணிக்கு விடும், வேலையப் பாத்துக்குவோம். அதே மாதிரின்னு நெனச்சு நெருப்பு வச்சோம். வச்ச அன்னைக்குப் புடிச்ச மழை மார்கழி பாதி வரைக்கும் விடலீங்க. இங்க கார்த்திகையில சூளை வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல.”

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பம்” என்றார் அப்புத்துரை.

“கேட்டோங்க. அது வேற பகுதி பாக்கும்னாங்க.”

கதிர்காமநாதன் இதைக் கவனிக்கவில்லை. “ஆதாரம் வேணும்” என்றார்.

வீரம்மா கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மற்றெல்லாக் கற்களுக்கும் நடுவே பதினொரு கற்கள், கோணலாக, கட்டுக்குள் பதித்திருந்தன. அவர் எண்ணினார். மீதி எங்கே என்று கேட்டார். கிணற்றுக்கு அப்பால், புல் முளைத்துக் கிடந்த மண்மேட்டைக் காட்டினாள். மேட்டைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, எட்டாயிரம் சுடாத பச்சைக் கல்லின் கன அளவு அதில் இருக்கிறது, பதினொன்று குறைகிறது என்று கண்டபோது, அவருடைய முகத்தில் பல வருடங்களாக வராத ஒரு திருப்தி வந்தது.

“சரியா இருக்கு” என்றார்.

சூளைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கணக்குப் பார்த்தார்கள்.

“விறகுச் செலவு நல்ல கல்லுக்கும் ஒண்ணுதான், கெட்ட கல்லுக்கும் ஒண்ணுதாங்க” என்று வீரம்மா சொன்னாள். “எட்டாயிரம் கல்லோட செலவயும் அந்தப் பதினொண்ணுதான் சுமக்கணும்.”

ஒரு சதத்தை எட்டாயிரத்தால் பெருக்கிப் பதினொன்றால் வகுத்தார்கள். ஏழு ரூபா இருபத்தேழு சதம்.

“பரவாயில்லை ஐயா” என்றார் அப்புத்துரை, மூச்சு வந்து. “ஏழு ரூபாவுக்கு நான் நீ எண்டு வாங்குவாங்கள்.”

அப்போது சிவனேஸ்வரி சஞ்சிகையைப் புரட்டினாள். அவள் கெட்ட எண்ணத்தோடு புரட்டவில்லை; செயலாளர் என்ற முறையில் புரட்டினாள். “ஐயா, இதில ஒண்டு கிடக்கு. சிப்பை ஒருக்கா மட்டும் சூளையில வைக்கிறேல்லையாம். படை படையா வைச்சு வைச்சு எடுக்கிறதாம். ஏழு தரத்துக்கு மேலையாம்.”

“ஒவ்வொரு தரமும் கெடுமா, அம்மா?” என்று வீரம்மா அவளைக் கேட்டாள்.

“ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பழுதாப் போகும் எண்டுதான் எழுதியிருக்கு.”

“அப்போ மொதத் தரத்துல தேறினதுலதான் ரெண்டாந் தரம் வைக்க முடியும்” என்றாள் வீரம்மா. வேறொன்றும் சொல்லாமல் மறுபடி கல் அடுக்கப் போனாள்.

கதிர்காமநாதன் இரண்டாம் சூளைக்குப் பெருக்கினார். ஐயாயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது ரூபா. மூன்றாம் சூளைக்குப் பெருக்கினார். முப்பத்தெட்டு இலட்சத்து நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று முப்பத்திரண்டு ரூபா. இந்த இடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாம் சூளையில் இருநூற்று எழுபத்தொன்பது கோடியே எழுபத்தாறு இலட்சம் வந்தது.

“நிப்பாட்டுங்கோ ஐயா” என்றார் அப்புத்துரை. “எனக்கு விளங்கேல்லை. ஒரு லொறி மணலோ, ஒரு சிப்போ?”

“ஒரு சிப்.”

“ஆர் வாங்குவான்?”

“வாங்கிறது எங்கட வேலையில்லை. நாங்கள் எஸ்டிமேட் போடுறம்.”

“பேசாமல் தொண்ணூறு எண்டு போட்டு விடுவம். ஆர் வந்து பாக்கப்போறான்?”

“அப்புத்துரை, ஆதாரத்தோடை எண்டு கிடக்கு. முதல் சூளை பதினொண்டு. நான் எண்ணினனான், மேட்டையும் அளந்தனான். அளந்ததை மாத்திறதோ?”

ஆனால் குரலில் கண்டிப்பைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. இருநூற்று எழுபத்தொன்பது கோடி. இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டுக்கும் யாரும் இப்படி ஒரு எஸ்டிமேட்டில் கையெழுத்திட்டிருக்கமாட்டார்கள். ஐந்தாம் சூளைக்கும் பெருக்கிப் பார்த்தார். அது நிரலின் அகலத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே நாலோடு நிறுத்தி, ‘மீதி மூன்று சூளைக்கும் மேற்படி முறையைத் தொடர்க’ என்று எழுதினார். தபால் கந்தோருக்கு மத்தியானத்துக்கு முன் போகவேண்டும் என்று சொன்னார். அந்த நேரத்தில் அங்கே ஆட்கள் கூடுதலாக நிற்பார்கள்.

“ஆதாரப் பத்திரம் ஒண்டு எழுதவேணும். பிள்ளை, எழுதும். தலைப்பு: கொம்பியூட்டர் சிப் உற்பத்தி, உள்ளூர் அனுபவத்துக்கான அத்தாட்சி.” பிறகு வீரம்மாவைக் கூப்பிட்டார். இந்தத் தடவை ‘நீ’ இருக்கவில்லை. “இஞ்சை வாங்கோ. சூளை வைச்ச திகதி?”

“எழுபத்தேழு கார்த்திகை பதினாலுங்க. எங்க மூத்தவளுக்கு அன்னைக்குத்தான் காய்ச்சல்.”

“இடம்?”

“இதே இடந்தாங்க. அந்த முளையிலேருந்து இருபது அடி.”

“வேலை செய்த ஆக்கள்?”

“ஒன்பது வீடுங்க.” அவள் ஒவ்வொரு வீடாக, பெயர் விடாமல் சொன்னாள். சுடலைமுத்து வீட்டில் ஐந்து பேர், வடிவம்மா வீட்டில் மூன்று பேர் என்று போனது. சுடலைமுத்து அந்த மழையில் காய்ச்சலாகக் கிடந்தார், கல்லையே தொடவில்லை என்று வேலிக்கு அப்பாலிருந்து வடிவம்மா சத்தம் போட்டாள். “தொடாட்டி என்னா? விறகு நனைஞ்சது அவராலதான், அவருதான் மூட மறந்தாரு. அவரையும் போடுங்க” என்றாள் வீரம்மா. சுடலைமுத்து வேலிக்கு வந்து, தன் கவனக்குறைவுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டு பெருவிரல் வைத்தார். கெட்டுப்போன ஒரு சூளைக்கு இத்தனை பேர் பொறுப்பேற்று வரிசையில் நின்றதைக் கதிர்காமநாதன் அரசாங்க சேவையில் கண்டதில்லை.

“அதே இடத்தில் இன்றுவரை இடைவிடாது தொழில் செய்து வருகின்றனர் எண்டும் போடும் பிள்ளை. அனுபவம் இடைவிட்டதெண்டால் அமைச்சு ஏற்காது.”

“போட்டாச்சு ஐயா.”

“ஐயா,” என்றாள் வீரம்மா, “நாளைக்கு வேற யாராச்சும் வந்து, நீ அன்னைக்கு வேற கணக்குல்ல சொன்னேன்னு கேட்டா, நான் என்னாத்தக் காட்டுறது?”

கதிர்காமநாதன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நியாயம். ஆதாரம் தந்தவருக்கு அத்தாட்சிப் பிரதி குடுக்கிறதுதான் ஒழுங்கு. பிள்ளை, மூண்டு பிரதி அடியும்.”

மூன்று பிரதியிலும் திகதி, இடம், ஒன்பது வீட்டுப் பெயர்கள், கீழே இருநூற்று எழுபத்தொன்பது கோடி, அதற்குக் கீழே தலைவரின் கையெழுத்து, முத்திரை. முத்திரையை இரண்டு தடவை அழுத்தினார்.

அமைச்சு பதில் எழுதவில்லை. இவ்வளவு பெரிய தொகை என்றால் மந்திரிசபைக்குத்தான் போயிருக்கும், ஆறுதலாக வரும் என்று கதிர்காமநாதன் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

ஆவணியில் பள்ளிக்கூட மண்டபத்தில் காணிக் கச்சேரி கூடியது. வீரம்மா நாலாம் தடவை போய் நின்றாள். காணி அதிகாரி தலை நிமிராமல், “எழுபத்தெட்டுத் தைக்கு முந்தி இருந்ததுக்கு ஏதும் கிடக்கோ?” என்றார். அவள் பொலித்தீனுக்குள் இருந்து கடதாசியை எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி தலைப்பை வாசித்தார். திகதியை வாசித்தார். ஒன்பது பெயர்களை விரல் வைத்து வாசித்தார். தொகைக்கு வந்ததும் பூச்சியங்களை எண்ணினார்; மறுபடி எண்ணினார். அதன் பிறகு, பக்கத்தில் கிடந்த கதிரையைக் காட்டி, “இருங்கோ” என்றார்.

“இந்தச் சிப் சுடுறது நீங்களோ?”

“சுடுறது நாங்கதாங்க.”

“எழுபத்தேழிலயிருந்தோ?”

“ஆமாங்க. அதுல இருக்குங்களே.”

அதில் இருந்தது. ஓர் அலகு இருநூற்று எழுபத்தொன்பது கோடி பெறுமதியான கைத்தொழிலை அத்துமீறிய குடியேற்றம் என்று எழுப்பி அனுப்பிவிட்டால், பிறகு கொழும்பிலிருந்து யார் யார் கேள்வி கேட்பார்கள் என்று அதிகாரி யோசித்தார். ஒன்பது குடும்பத்துக்கும் ஒன்பது பெர்மிட் எழுதினார். ‘காணியின் பயன்பாடு’ என்ற இடத்தில், கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்து, ‘கொம்பியூட்டர் சிப் உற்பத்தி’ என்று நிரப்பினார். நிபந்தனை ஒன்று இருந்தது: ஒவ்வொரு வருடமும் பார்வையிட்டு, சொன்ன தொழில் நடந்தால்தான் புதுப்பிக்கப்படும். நடக்காவிட்டால் காணி அரசுக்குத் திரும்பும்.

வீரம்மா வெளியே வந்து, பெர்மிட்டைச் சிவனேஸ்வரியிடம் காட்டி வாசிக்கச் சொன்னாள். சிவனேஸ்வரி கடைசி நிபந்தனையை இரண்டு தடவை வாசித்தாள்.

“அக்கா, இனி வருசா வருசம் நீங்கள் சிப் காட்டவேணும்.”

“காட்டலாம்” என்றாள் வீரம்மா.

அடுத்த வைகாசியில் பார்வையிட ஓர் இளம் உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார். முதல் நியமனம், சப்பாத்துப் புதியது. சூளையை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். ஒன்பது வீட்டு ஆட்களும், ஒரு வேலையும் இல்லாதவர்கள்போல, அங்கங்கே நின்றார்கள். உத்தியோகத்தர் பைலைத் திறந்து பார்த்தார். சுற்றிப் பார்த்தார். சிப் என்றால் என்னவென்று தெரியாதென்று சொல்ல அவருக்கும் விருப்பமில்லை.

“உற்பத்தி செய்யிற பொருளின்ர மாதிரி ஒண்டு பாக்கவேணும்” என்றார்.

வீரம்மா குவியலில் தேடி, நாலு மூலையும் உடையாத ஒன்றை எடுத்து, சாம்பலை ஊதி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கினார். கனத்தால் கை ஒருமுறை கீழே போய் வந்தது. திருப்பிப் பார்த்தார்; விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு கல்லைக் கவனமாகக் கீழே வைத்து, பைலைச் சைக்கிள் ஆசனத்தின் மேல் வைத்து எழுதினார்:

‘சிப் பார்வையிடப்பட்டது. தரம் நன்று. அளவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுப் பெரிது. புதுப்பிக்கலாம்.’